பழைய சென்ட்ஓஎஸ் 7 விபிஎஸ்ஸில் டாக்கர்: இமேஜை எங்கே கட்டுவது, எப்படிக் கொண்டு சேர்ப்பது?

கரும்பலகை | 12 செப்டம்பர் 2024, இரவு 10:40

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறேன், இனிமேல் கேட்காமல் முடியாது என்று எழுதுகிறேன்.

ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில் போடும் மென்பொருள் பார்த்துக்கொள்கிறேன். 2016 பிப்ரவரியில் யாரோ எடுத்துக் கொடுத்த விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்), சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ், 2 ஜிபி ராம், ஒரு கோர், 40 ஜிபி டிஸ்க். அதில் பிஹெச்பி 5.4இல் எழுதிய பழைய பில்லிங் ஓடுகிறது, மார்ச் கணக்கு முடியும் வரை அதைத் தொடக் கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புதிதாக நான் பைத்தான் 3.11, ஜாங்கோ வைத்து ஒரு பகுதி எழுதியிருக்கிறேன், அதையும் இதே சர்வரில்தான் ஓட்டியாக வேண்டும். சர்வரில் இருக்கும் பைத்தான் 3.6. நேரடியாக கம்பைல் பண்ணிப் பார்த்தேன், எஸ்எஸ்எல் மாட்யூல் வரவில்லை. சரி, நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஒரே பெட்டியாக (கண்டெய்னர்) ஓட்டும் டாக்கரில் போட்டுவிடலாம் என்று, சென்ட்ஓஎஸ்ஸின் பொதி நிறுவியான யம் மூலம் டாக்கர் நிறுவினேன். பைத்தான் 3.11 ஸ்லிம் இமேஜை (கண்டெய்னருக்கான அச்சு) எடுத்து பில்ட் போட்டால், பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் இன்ஸ்டால் பாதியில் "கான்ட் ஸ்டார்ட் நியூ த்ரெட்" என்று விழுகிறது. ராம் போதவில்லை என்று நினைத்து ஸ்வாப் கூட்டினேன், அப்படியும் அதே பிழைதான். இதே டாக்கர்ஃபைல் (இமேஜ் கட்டும் குறிப்பு) என் வீட்டு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அழகாக ஓடுகிறது.

கண்டெய்னர் என்றாலே "எங்கும் ஒரே மாதிரி ஓடும்" என்றுதானே சொல்கிறார்கள்? என்ன தவறு செய்கிறேன்?

பனங்காடு | 12 செப்டம்பர், இரவு 11:15

தம்பி, நீங்கள் செய்தது தவறு இல்லை, ஆனால் அந்த "எங்கும் ஒரே மாதிரி" என்பதில் பாதிதான் உண்மை. கண்டெய்னருக்குள் நூலகங்கள், பைத்தான், உங்கள் கோடு (நிரல்) எல்லாம் வரும், லினக்ஸின் மையமான கெர்னல் வராது. கெர்னல் அந்த சர்வருடையதுதான். அதற்கும் கண்டெய்னருக்கும் நடுவே காவல் நிற்கும் டாக்கரும் அந்த சர்வருடையதுதான். பழைய சர்வரில் இந்த இரண்டும்தான் தகராறு செய்யும்.

முதலில் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கெர்னல் பதிப்பு என்ன, டாக்கர் பதிப்பு என்ன, டாக்கர் இன்ஃபோவில் ஸ்டோரேஜ் டிரைவர் (இமேஜை டிஸ்க்கில் வைக்கும் முறை) என்ன, எல்எஸ்சிபியூ போட்டால் மாடல் பெயர் என்ன வருகிறது. அப்புறம் வர் டைரக்டரியின் ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ்ஸா, அப்படியானால் எக்ஸ்எஃப்எஸ்-இன்ஃபோவில் எஃப்டைப் 0ஆ 1ஆ.

கரும்பலகை | 12 செப்டம்பர், இரவு 11:52

கெர்னல் 3.10. டாக்கர் 1.13.1. ஸ்டோரேஜ் டிரைவர் டிவைஸ்மேப்பர், கூடவே லூப் ஃபைல் பற்றி ஒரு எச்சரிக்கையும் வருகிறது. சிபியூ "காமன் கேவிஎம் பிராசஸர்". எக்ஸ்எஃப்எஸ்தான், எஃப்டைப் 0.

இன்னொன்று, டாக்கர்ஃபைலில் இரண்டு ஃப்ரம் வரி போட்டு மல்டிஸ்டேஜாக (கட்டுவதை ஒன்றிலும் ஓட்டுவதை இன்னொன்றிலும் பிரித்து) எழுதியிருந்தேன், அதையும் ஏற்கவில்லை. "இன்வாலிட் ரெஃபரன்ஸ் ஃபார்மட்" என்றது. அதனால் ஒரே ஸ்டேஜாக மாற்றி எழுதினேன்.

பனங்காடு | 13 செப்டம்பர், காலை 6:30

நினைத்தது சரிதான். யம் உங்களுக்குக் கொடுத்தது சென்ட்ஓஎஸ்ஸின் எக்ஸ்ட்ராஸ் பொதிக் களஞ்சியத்தில் இருக்கும் 1.13.1. அது 2017 பிப்ரவரியில் வந்த பதிப்பு. மல்டிஸ்டேஜ் அதே வருடம் 17.05இல்தான் வந்தது, அதனால் மல்டிஸ்டேஜுக்கு எழுதிய ஃப்ரம் வரி அதற்குப் புரியாது.

த்ரெட் பிழை கொஞ்சம் நுணுக்கமானது, பொறுமையாகப் படியுங்கள். பைத்தான் 3.11 ஸ்லிம் என்று மட்டும் போட்டால் இந்த 2024 செப்டம்பரில் வருவது டெபியன் 12 புக்வோர்ம், அதில் ஜிலிப்சி (நிரல்கள் கெர்னலோடு பேசப் பயன்படுத்தும் அடிப்படை சி நூலகம்) 2.36. ஜிலிப்சி 2.34இலிருந்து புது த்ரெட் தொடங்க முதலில் குளோன்3 என்ற சிஸ்டம் அழைப்பைத்தான் முயலும். அந்த அழைப்பு லினக்ஸ் 5.3இல் வந்தது, உங்கள் 3.10இல் கிடையாது. இல்லாவிட்டால் என்ன, "அப்படி ஒரு அழைப்பே இல்லை" என்று பதில் வந்தால் ஜிலிப்சி பேசாமல் பழைய குளோனுக்குத் திரும்பிவிடும். ஆனால் அழைப்பு கெர்னலைச் சேரும் முன்பே பழைய டாக்கரின் செக்காம்ப் வடிகட்டி பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரியாத அழைப்பு என்பதால் "அனுமதி இல்லை" என்று சொல்லிவிடுகிறது. அனுமதி இல்லை என்றால் ஜிலிப்சி திரும்பிப் போகாது, த்ரெட் தொடங்க முடியவில்லை என்று கைவிட்டுவிடும். பிப் தன் முன்னேற்றப் பட்டையை வரைவதற்கே ஒரு த்ரெட் கேட்கும், அங்கேதான் நீங்கள் விழுகிறீர்கள். ராமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டாக்கர் 20.10.10இல் இதைத் திருத்திவிட்டார்கள்.

இன்றைக்கே வேலை நடக்க வேண்டுமானால் இமேஜ் பெயரில் புல்ஸ்ஐ சேர்த்துப் போடுங்கள். டெபியன் 11, ஜிலிப்சி 2.31, குளோன்3 பக்கமே போகாது. சிலர் செக்காம்பையே அணைத்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடையின் கணக்கு முழுவதும் இருக்கும் சர்வர் அது.

தறிநாடா | 13 செப்டம்பர், காலை 9:05

இவ்வளவு சுற்றுவானேன்? எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எஸ்எஸ்எல் வராததற்குக் காரணம் சென்ட்ஓஎஸ் 7இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 இருப்பது, பைத்தான் 3.10இலிருந்து 1.1.1 வேண்டும். ஈப்பெல் என்ற கூடுதல் பொதிக் களஞ்சியத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்11 என்று ஒரு பொதி இருக்கிறது, அதைப் போட்டு பைத்தானை அதனோடு சேர்த்து கம்பைல் பண்ணினால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்), ஒரு சிஸ்டம்டி யூனிட் (சேவையாக ஓட்டும் குறிப்பு). 2 ஜிபி சர்வரில் பின்னணியில் ஓடும் டாக்கர் டீமனையும் சுமக்க வேண்டியதில்லை. நான் இரண்டு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை.

கரும்பலகை | 13 செப்டம்பர், மதியம் 1:20

தறிநாடா, நல்ல வழிதான், எனக்கும் அதுவே போதும் என்றால் போட்டிருப்பேன். ஆனால் பில்லை பிடிஎஃப்பாக ஆக்க வீசிபிரின்ட் பயன்படுத்துகிறேன். சரக்குப் பெயர் எல்லாம் தமிழில் வர வேண்டும் என்பது கடைக்காரர் கேட்ட முதல் விஷயம், "கொத்தமல்லி" என்று அடித்தால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் விழ வேண்டும். வீசிபிரின்ட் 53க்கு மேல் எழுத்தை அடுக்கும் பாங்கோ நூலகம் 1.44 கேட்கிறது, சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 1.42. பாங்கோவை கம்பைல் பண்ணப் போனால் ஹார்ஃபஸ், கிளிப் என்று ஒன்றன் பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு வருகிறது. பழைய பில்லிங் ஓடும் மெஷினில் அதையெல்லாம் கிளற எனக்குத் துணிச்சல் இல்லை.

பனங்காடு அண்ணா, புல்ஸ்ஐ போட்டதும் த்ரெட் பிழை போயேபோச்சு! ரொம்ப நன்றி. புல்ஸ்ஐயில் பாங்கோ 1.46 இருக்கிறது, அதுவும் சரி.

தறிநாடா | 13 செப்டம்பர், மதியம் 1:45

பாங்கோ வரை போகிறது என்றால் என் வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குக் கண்டெய்னர்தான் சரி.

உப்பளம் | 13 செப்டம்பர், மாலை 5:10

உங்களுடையது கேவிஎம் (தனக்கென்று கெர்னல் உள்ள முழு விர்ச்சுவல் மெஷின்) என்பதே பெரிய நிம்மதி. எனக்கு வாய்த்தது ஓப்பன்விஇசட் 6 விபிஎஸ். கெர்னல் 2.6.32, டாக்கர் குறைந்தது 3.10 கேட்கும், அந்தக் கெர்னல் வாடகைக்குக் கொடுத்தவர் கையில், நாம் மாற்றவே முடியாது. பிராக் டைரக்டரிக்குள் யூசர்-பீன்கவுன்டர்ஸ் என்று ஒரு ஃபைல் இருந்தால் அது ஓப்பன்விஇசட்டோ அதன் வழி வந்ததோதான், இதைப் படிக்கிற யாராவது பழைய விபிஎஸ் வைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நான் அது தெரியாமல் ஒரு வாரம் வீணாக்கினேன்.

இன்னொரு விஷயம், அந்த "காமன் கேவிஎம் பிராசஸர்". கீழே இருக்கும் உண்மையான சிபியூ எவ்வளவு புதிதாக இருந்தாலும் விர்ச்சுவல் மெஷினுக்குள் அந்தப் பெயரில் வருவது மிகப் பழைய கட்டளைத் தொகுப்பு, எஸ்எஸ்இ 4.2கூட இருக்காது, ஏவிஎக்ஸ் கிடையவே கிடையாது. மோங்கோடிபி 5.0 தரவுத்தளத்துக்கு ஏவிஎக்ஸ் கட்டாயம், இப்படிப்பட்ட சர்வரில் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று 132 எண்ணோடு செத்துப்போகும். ரெட்ஹாட் 9ஐ அடியாக வைத்த இமேஜ்களும் எழாது, "சிபியூ டஸ் நாட் சப்போர்ட் எக்ஸ்86-64-வி2" என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். டெபியன் இமேஜ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கரும்பலகை | 14 செப்டம்பர், இரவு 12:25

அடுத்த கட்டம். இமேஜ் சிறிதாக இருக்கட்டும் என்று ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸுக்கு மாற்றிப் பார்த்தேன், அது பெரிய தவறு. பிப் சில பொதிகளை சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ண ஆரம்பித்தது, 40 நிமிடம் ஓடி "கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1" என்று முடிந்தது. அந்த நேரம் முழுக்க கடையில் பில் போட முடியவில்லை. சனிக்கிழமைக்குச் சரக்கு எடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள், கடைப் பையன் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். இன்னும் மனது சரியாகவில்லை எனக்கு.

பனங்காடு | 14 செப்டம்பர், காலை 7:00

தம்பி, முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு. அந்த சர்வரில் இனி டாக்கர் பில்ட் என்ற கட்டளையே போடாதீர்கள். பில்ட் என்பது கம்பைலர், பொதி இறக்கம், லேயர் (இமேஜின் அடுக்கு) எழுதுவது என்று சிபியூ, ராம், டிஸ்க் மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும் வேலை. ஸ்வாப் கூட்டினால் பில்ட் சாகாமல் இருக்கலாம், ஆனால் டிஸ்க்கில் ஸ்வாப் அலைந்துகொண்டே இருக்கும், பில்லிங் மூச்சு விட முடியாது. சர்வர் இமேஜை இறக்கி ஓட்டட்டும், அவ்வளவுதான். கட்டுவது உங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில். ஆல்பைனையும் விடுங்கள், அது ஜிலிப்சிக்குப் பதில் மசில் நூலகத்தில் நிற்பது, அதற்கென்று கட்டிய வீல் (முன்பே கம்பைல் பண்ணிய பைத்தான் பொதி) இல்லாத பொதி எதுவானாலும் கம்பைல்தான். புல்ஸ்ஐ ஸ்லிம் போதும்.

அதற்கு முன் டாக்கரை மாற்றுங்கள். 1.13.1ஐ நீக்கிவிட்டு டாக்கர் நிறுவனமே தரும் டாக்கர் சிஇ போடுங்கள், சென்ட்ஓஎஸ் 7க்கு 26.1 வரிசை வரை கிடைக்கிறது. கண்டெய்னர்-செலினக்ஸ் பொதி கேட்கும், அது எக்ஸ்ட்ராஸில் இருக்கிறது, ஆனால் 2024 ஜூன் 30ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7 ஆயுள் முடிந்ததால் பழைய மிர்ரர்லிஸ்ட் முகவரி வேலை செய்யாது, யம் ரெப்போ ஃபைல்களில் வால்ட் (பழைய பதிப்புகளின் காப்பகம்) முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான இடம். டிவைஸ்மேப்பரை டாக்கர் 25இலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலான ஓவர்லே2 டிரைவருக்கு எக்ஸ்எஃப்எஸ்ஸில் எஃப்டைப் 1 வேண்டும். உங்கள் சர்வர் 7.2 காலத்தில் போட்டது, 7.3இலிருந்துதான் எஃப்டைப் 1 இயல்பாக வந்தது, ஃபார்மட் பண்ணாமல் மாற்ற முடியாது. கவனிக்காமல் விட்டால் டாக்கர் விஎஃப்எஸ் டிரைவரில் போய் நிற்கலாம், அது ஒவ்வொரு லேயருக்கும் முழு நகல் எடுக்கும், 40 ஜிபி டிஸ்க் ஒரு வாரம் தாங்காது. வழி என்னவென்றால், 12 ஜிபிக்கு ஒரு ஃபைல் உருவாக்கி, அதற்குள் எக்ஸ்ட்4 போட்டு, டாக்கர் டைரக்டரியில் லூப்பாக (ஃபைலையே ஒரு டிஸ்க் போல) மவுன்ட் பண்ணுங்கள். மவுன்ட் ஆன பிறகு ரீஸ்டோர்கான் ஓட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சென்ட்ஓஎஸ்ஸின் பாதுகாப்புக் காவலான செலினக்ஸ் மறிக்கும். சிஸ்டம்டியில் டாக்கர் யூனிட்டுக்கு ரிக்வயர்ஸ்-மவுன்ட்ஸ்-ஃபார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் ரீபூட்டில் மவுன்ட் தவறினால் டாக்கர் வெறும் டைரக்டரியில் எழுந்து நிற்கும், உங்கள் இமேஜ் ஒன்றுகூட அதில் இருக்காது.

கரும்பலகை | 15 செப்டம்பர், மாலை 4:30

ஞாயிறு கடை விடுமுறை, உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தேன். டாக்கர் 26.1, ஓவர்லே2, ரீபூட் பண்ணியும் பார்த்தாயிற்று. வீட்டில் கட்டிய இமேஜை டாக்கர் சேவ் போட்டு, ஜிசிப் பண்ணி, எஸ்எஸ்ஹெச் (மறையாக்கிய தொலை இணைப்பு) வழியாக டாக்கர் லோடுக்குள் செலுத்தினேன். ஓடுகிறது!

ஒரே சங்கடம், வீட்டு இணைப்பில் மேலேற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ்தான். சுருக்கிய பிறகும் இமேஜ் 150 எம்பி, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஆகிறது. ஒரு எழுத்துப் பிழை திருத்தினாலும் பத்து நிமிடம்.

நடுநிசி | 15 செப்டம்பர், மாலை 6:00

நல்ல வேளை உங்களுடையது சாதாரண லினக்ஸ் டெஸ்க்டாப். நான் எம்1 மேக்கில் கட்டி அனுப்பி "எக்ஸெக் ஃபார்மட் எரர்" வாங்கினேன், இமேஜ் ஆர்ம்64 ஆகக் கட்டப்பட்டிருந்தது. பில்டில் பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64 என்று குறிப்பிட வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பனங்காடு | 15 செப்டம்பர், இரவு 8:20

சேவ் போட்டால் மொத்த இமேஜும் போகும். ரெஜிஸ்ட்ரி (இமேஜ்களைச் சேமித்துப் பரிமாறும் சேவை) வழியாகப் போனால் மாறிய லேயர் மட்டும் போகும். வெளியே காசு கொடுத்து ரெஜிஸ்ட்ரி எடுக்க வேண்டியதில்லை. வீட்டு டெஸ்க்டாப்பில் ரெஜிஸ்ட்ரி இமேஜை 127.0.0.1இல் 5000 போர்ட்டில் ஓட்டுங்கள். சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் போகும்போது -ஆர் கொடுத்து சர்வரின் 5000 போர்ட்டை உங்கள் வீட்டு 5000க்குத் திருப்புங்கள். சர்வரில் டாக்கர் புல் போடும்போது 127.0.0.1:5000 என்று தொடங்கும் பெயரைக் கொடுங்கள். தன் மெஷினுக்குள்ளேயே இருக்கும் முகவரி என்பதால் டாக்கர் சான்றிதழ் கேட்காது, எஸ்எஸ்ஹெச் டனலுக்குள் போவதால் வழியில் யாரும் பார்க்கவும் முடியாது. எஸ்எஸ்ஹெச்சை மூடியதும் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். ரெஜிஸ்ட்ரியின் எடை உங்கள் வீட்டு டிஸ்க்கில், சர்வரின் 12 ஜிபியில் கை வைக்காது.

ஆனால் லேயர் வரிசை சரியாக இருந்தால்தான் இதில் பலன். ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் முதலில் காப்பி பண்ணி பிப் இன்ஸ்டால் ஓட்டுங்கள், உங்கள் கோடு கடைசியில் வரட்டும். உங்கள் கோடு முதலில் காப்பி ஆனால் ஒரு எழுத்து மாறினாலும் அதற்குக் கீழே இருக்கும் எல்லா லேயரும் புதிதாகும், பழையபடி பத்து நிமிடம்தான். டேகில் (இமேஜின் பதிப்புப் பெயர்) லேட்டஸ்ட் வேண்டாம், தேதி போடுங்கள், முந்தைய இரண்டை சர்வரில் விட்டுவையுங்கள். ஏதாவது கோளாறு என்றால் டேகை மாற்றி மறுபடி எழுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் ஒன்று. வீட்டு டெஸ்க்டாப்பில் ஓடியது என்பதை நம்பி அனுப்பாதீர்கள், அங்கே கெர்னல் வேறு. சென்ட்ஓஎஸ் 7ஐயே ஒரு கேவிஎம் மெஷினாக வீட்டில் போட்டு, 2 ஜிபி ராம், ஒரு கோர், சிபியூ மாடல் கேவிஎம்64 என்று கொடுத்து, அதே டாக்கர் பதிப்பை நிறுவி வையுங்கள். எதுவானாலும் முதலில் அங்கே. இந்தத் தடவை உங்களைப் படுத்திய த்ரெட் பிழை, ராம், டிஸ்க் மூன்றும் அங்கேயே தெரிந்திருக்கும், கடையில் வரிசை நின்றிருக்காது.

வேலிப்படல் | 16 செப்டம்பர், காலை 10:10

வேகம் பற்றிப் பேசுகிறீர்கள், வாசலைப் பற்றி யாரும் பேசவில்லையே. போர்ட் வெளியிடும்போது 8000:8000 என்று போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். டாக்கர் ஐபிடேபிள்ஸ் (கெர்னலின் ஃபயர்வால்) விதிகளைத் தானே எழுதும், ஃபயர்வால்டியில் நீங்கள் திறக்காத போர்ட்டும் உலகத்துக்குத் திறந்திருக்கும். 127.0.0.1:8000:8000 என்று போட்டு, ஏற்கெனவே இருக்கும் அப்பாச்சி வெப் சர்வரை முன்னால் நிறுத்துங்கள். தொலைவிலிருந்து டாக்கரை இயக்க 2375 போர்ட்டைத் திறக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் தேடலில் வருகின்றன, அந்தப் போர்ட்டைத் திறந்தால் சர்வரின் ரூட்டையே கொடுத்தது போல. டாக்கர் ஹோஸ்டாக எஸ்எஸ்ஹெச் முகவரியைக் கொடுக்கும் வசதி 18.09இலிருந்தே இருக்கிறது.

இன்னொன்றும் மனதில் வையுங்கள். 2024 ஜனவரி 31ஆம் தேதி வெளியான ரன்சி (டாக்கருக்காகக் கண்டெய்னரை எழுப்பும் நிரல்) ஓட்டை, சிவிஇ-2024-21626, கண்டெய்னருக்குள்ளிருந்து வெளியே வர வழி கொடுத்தது, ரன்சி 1.1.12இல் அடைத்தார்கள். உங்கள் டாக்கரில் அந்தத் திருத்தம் இருக்கிறது. ஆனால் சென்ட்ஓஎஸ் 7 கெர்னலுக்கு இனி இலவசத் திருத்தம் வராது. மார்ச்சுக்கு மேல் ஒரு நாள்கூட அதில் இருக்காதீர்கள்.

கரும்பலகை | 18 செப்டம்பர், இரவு 9:35

எல்லாம் ஓடியது, ஆனால் எஸ்எம்எஸ் அனுப்பும் இடத்தில் மட்டும் தொங்குகிறது. கண்டெய்னருக்குள்ளிருந்து பிங் போகிறது, டிஎன்எஸ் வருகிறது, ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்கி கிளையன்ட் ஹலோவுக்கு அப்புறம் அப்படியே நிற்கிறது. இதே கர்ல் சர்வரில் நேரடியாகப் போட்டால் நொடியில் பதில். வீட்டில் போட்ட சோதனை மெஷினிலும் இந்தப் பிரச்சினை இல்லை.

உப்பளம் | 18 செப்டம்பர், இரவு 10:05

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பாருங்கள். சர்வரின் நெட்வொர்க் இடைமுகம் இதீ0 எவ்வளவு, டாக்கர்0 எவ்வளவு?

கரும்பலகை | 18 செப்டம்பர், இரவு 10:12

இதீ0 1450, டாக்கர்0 1500!

உப்பளம் | 18 செப்டம்பர், இரவு 10:30

அதேதான். வாடகைக்குக் கொடுத்தவர் நெட்வொர்க் உறை போட்டு அனுப்புகிறார், 50 பைட் அதற்குப் போகிறது. கண்டெய்னர் தன்னிடம் 1500 இருக்கிறது என்று எதிர்முனைக்குச் சொல்கிறது, எதிர்முனையும் நம்பி முழு அளவில் அனுப்புகிறது, வழியில் விழுகிறது. பெரிய பாக்கெட்டாக முதலில் வருவது சர்வர் சான்றிதழ், அதனால்தான் ஹலோவுக்கு அப்புறம் நிற்கிறது. டீமன் ஜேசன் ஃபைலில் எம்டியூ 1450 போட்டு டாக்கரை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். கம்போஸ் (கண்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி எழுப்பும் கருவி) பயன்படுத்தினால் அது தனி நெட்வொர்க் உருவாக்கும், டீமன் ஜேசனில் போட்டது அதற்குப் போகாது, கம்போஸ் ஃபைலில் நெட்வொர்க்குக்கு டிரைவர் ஆப்ஷனாகவும் எழுத வேண்டும்.

கரும்பலகை | 21 செப்டம்பர், இரவு 11:50

கம்போஸ்தான் பயன்படுத்துகிறேன், இரண்டு இடத்திலும் போட்டேன், எஸ்எம்எஸ் போகிறது.

அப்பாச்சியை முன்னால் வைத்தபோது ஒரு முறை 503 வந்தது, செலினக்ஸில் ஹெச்டிடிபிடி-கேன்-நெட்வொர்க்-கனெக்ட் என்பதை ஆன் பண்ணியதும் சரியானது. போர்ட் வெளியே தெரியவில்லை என்று வேறு இணைப்பிலிருந்தும் பார்த்துவிட்டேன்.

நேற்று வந்த கடைசிச் சிக்கல் எனக்கே வருத்தமாக இருந்தது. முதல் பில் அடித்தால் ஆங்கிலம், எண்கள் எல்லாம் சரி, சரக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்தது அந்தத் தமிழ் எழுத்துக்காகத்தான். ஸ்லிம் இமேஜில் தமிழ் எழுத்துருவே கிடையாது, வீட்டில் டெஸ்க்டாப்பின் எழுத்துருவை எடுத்துக்கொண்டிருந்ததால் எழுதும்போது எனக்குத் தெரியவில்லை, சோதனை மெஷினிலும் நான் லாகின் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் பொதியை டாக்கர்ஃபைலில், பிப்புக்கு முந்தைய லேயரில் சேர்த்தேன். அந்த ஒரு முறை பெரிய லேயர் ஏறியது, அதற்கு அப்புறம் கோடு மாற்றம் 3 எம்பி, கால் நிமிடத்துக்குள் போய்விடுகிறது.

இன்று மாலை கடைக்கே போய் நின்று பார்த்தேன். கொத்தமல்லி, சோம்பு, கோதுமை ரவை, எல்லாக் கொம்பும் தன் இடத்தில். கடைக்காரர் பில்லைக் கண்ணாடிக்கு அருகே தூக்கிப் பார்த்துவிட்டு, "பொட்டுக்கடலைக்கு ட் விட்டுப்போச்சு" என்றார், பெயர்ப்பட்டியலில் நான் அடித்த பிழை. அங்கேயே லேப்டாப்பிலிருந்து வீட்டு டெஸ்க்டாப்புக்குப் போய் திருத்தி, கட்டி, சோதனை மெஷினில் ஒரு பில் அடித்துப் பார்த்து, புது டேகில் ஏற்றினேன். அடுத்த வாடிக்கையாளர் பில்லில் சரியாக வந்தது.

பனங்காடு அண்ணா, உப்பளம், எல்லோருக்கும் நன்றி. மார்ச்சுக்கு மாறும்போது புது சர்வரில் டெபியன் 12 போடலாமா என்று தனி இழையில் கேட்கிறேன்.